சமாதியில் வைத்த மல்லிகை

என் முதுகில் விழுந்த அத்தனை அடிகளுக்கும் சொந்தக்காரியான அன்பு அக்காவுக்கு,

கண்டி வாவியின் மீன்கள் சாட்சியாக, யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். நீயும் நம்பமாட்டாய். உயிரோடு இருந்தபோதே என் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுக் கேட்டவள்தானே நீ.

உன் மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பிரகாஷ், அவளோடு ஒரே கந்தோரில் வேலை. இரண்டு பேரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். முடிவு செய்யாதவர் அவன் அம்மா மட்டும். கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் டெலிபோனில் என்னிடம் சொன்னது இதுதான்: "பூவோடதாண்ணே வருவேன். மனசுக்குப் புடிச்சா அங்கேயே பொண்ணு தலையில வச்சிருவேன். இல்லாட்டி வந்த பஸ்லயே பூவும் நானும் திரும்பிருவோம்."

பிரகாஷ் என்னைத் தனியாக எச்சரித்தான். "அம்மா ரொம்ப சகுனம் பார்ப்பாங்க மாமா. சாவு வீட்டு வாசலத் தாண்டி வந்தாக்கூட தலைக்குத் தண்ணி ஊத்தாம உள்ள வரமாட்டாங்க."

கோவிலில் பார்க்கலாம் என்றார்கள். உன் தம்பி விடுவானா? "எங்க பொண்ணு ராணி. ராஜா தோட்டத்துலதான் காட்டுவோம்" என்று முழங்கிவிட்டேன். மலையைத் தட்டுத் தட்டாக வெட்டி அரசர்கள் பூச்செடி வைத்த அந்தப் பழைய தோட்டம் உனக்குத் தெரியும். நீயும் நானும் கீழ்த்தட்டோடு திரும்பிவிடுவோம். மேலே என்ன இருக்கிறதென்று என்றைக்காவது பார்த்தோமா?

ஏறினோம் அக்கா. அட்டைகள் மலைப்பாம்புப் பருமனில் நெளிந்தன. ஒரு மேகம் வந்து என் இடது செருப்பைக் கழற்றிக்கொண்டு போனது. மூன்றாம் தட்டில் ஒரு யானை எனக்குச் சலாம் வைத்து வழிவிட்டது. உச்சித் தட்டில் பெரிய மரத்தடியில் வரிசையாகக் கல்மேடைகள். பிரகாஷின் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மேடையில் உட்கார்ந்தார். பூப்பொட்டலத்தையும் பக்கத்திலேயே வைத்தார்.

அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். மூன்று மொழியிலும், தமிழில் தெளிவாகவும்: அரச குடும்பத்தாரின் சமாதிகள்.

கீழே மகாவலி கங்கை ஒரு கணம் திசைமாறி ஓடியது. சட்டென்று குடையை விரித்துப் பலகைக்கு முன்னால் நின்றேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"என்னண்ணே, குடை?"

"ராஜா தோட்டம் தங்கச்சி. இங்க குடை புடிக்கிறதுதான் மரியாதை."

"இந்தக் கல்லெல்லாம் என்னத்துக்கு?"

"அதுவா... ராணிமார் ஊஞ்சல் கட்டி ஆடின மேடை."

"ஊஞ்சலுக்கு இத்தனையா?"

"ராணிமாரும் அத்தனை பேரு."

வழக்கமாக என் பேச்சுக்குச் சிரிக்கிற பிரகாஷ் சிரிக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பூவையும் மாறிமாறிப் பார்த்தான். சும்மா இரு என்று தர்ஷினிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என்னை முறைத்தாள். அச்சு அசல் உன் முறைப்பு.

"மாமா, கொஞ்சம் நகருங்க."

நான் நகரவில்லை. அவளே வந்து குடையை மடக்கினாள்.

"ஆன்ட்டி, இது சமாதி. மாமாவுக்கும் இப்பதான் தெரியும்."

அந்த அம்மாள் துள்ளி எழுந்தார். "சுடுகாட்டுலயா பொண்ணு காட்டுறீங்க?" எழுந்த வேகத்தில் பூவை மறந்துவிட்டார். அது கல்லின் மேலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

உன் மகள் அத்தோடு விட்டாளா? "இன்னொண்ணும் சொல்லிர்றேன் ஆன்ட்டி. காலையில எங்கம்மாவப் பொதைச்ச எடத்துக்குப் போயிட்டு நேரா இங்கதான் வர்றேன். அவங்ககிட்ட சொல்லாம எப்படி வர்றது? குளிக்கக்கூட இல்ல."

முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கீழே வாவியைச் சுற்றி ஓடும் பஸ்களெல்லாம் ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டின.

"அம்மா..." என்றான் பிரகாஷ்.

"நீ வாய மூடு." பிறகு அதே குரல் தாழ்ந்து கேட்டது: "அம்மாகிட்ட என்னம்மா சொன்ன?"

"உங்களப் பத்தித்தான். பயமா இருக்குன்னு சொன்னேன்."

கண்ணைத் திறந்தேன். அந்த அம்மாள் கல்மேடைக்குத் திரும்பிப்போய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "சமாதியில வச்ச பூவப் பொண்ணுக்கு வைக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல" என்றார். அவர் சரத்தைப் பாதியாக அறுத்தார். ஒரு பாதியைத் தர்ஷினியின் தலையில் வைத்தார். "இனிமே இருக்கட்டும்."

மறு பாதி என் கைக்கு வந்தது. "இது சம்பந்தியம்மாவுக்கு. கொண்டுபோய் வைங்கண்ணே. அவங்கள ஒரு வார்த்தை கேக்காம பொண்ணெடுத்தேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. வச்சிட்டு மறக்காமக் குளிங்க."

கல்யாணத்தன்று விடியற்காலையில் உன் மகளை உன்னிடம் அழைத்துவருவேன். இது வாக்கு. அவள் மாமியாரும் வருகிறாராம், தலைக்கு ஊற்ற ஒரு வாளித் தண்ணீரோடு.

யானை பொய். அட்டை பொய். மேகம் தூக்கிப்போன செருப்பு என் காலில்தான் இருக்கிறது. குடை பிடித்தபோது நான் பயப்படவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதும் பொய். ஆனால் உன் தலைமாட்டில் கிடக்கும் அந்தப் பாதிச் சரம் மட்டும் நிஜம். வேண்டுமானால் மோந்து பார்.

இன்னும் குளிக்காமல் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் கூடப்பிறந்த புளுகன்.