சிவப்பு தெரியும் பக்கம்

என் அன்பான "இஞ்சாருங்கோ"வுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்கள் பெயரை நான் சொன்னதில்லை, இனியா சொல்லப்போகிறேன்? "இஞ்சாருங்கோ" என்றால் நீங்கள்தான். வேறு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு வந்த முதல் பனிக்காலம் இது. மகன் ரமணன் உங்கள் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். தோள் இறுக்கம், ஆனாலும் கழற்றமாட்டேன் என்கிறான்.

முதலில் ஒரு கேள்வி. எங்கள் பின்வளவில் தடி நடுவது யார்?

கனடாவில் இந்த மில்லிக்கன் பக்கம் எல்லோரும் டிரைவ்வே ஓரம் குச்சி நடுவார்கள், பனி தள்ளும் வண்டிக்கு ஓரம் தெரிவதற்காக. நீங்கள் மட்டும், நோயோடு நோயாக, பின்வளவு வேலியின் குளத்துப் பக்கக் கேற்றில் தொடங்கி வீட்டை நோக்கி நடத் தொடங்கினீர்கள். கடையில் விற்கும் குச்சி பிடிக்கவில்லை. மரத்தடி வெட்டி, வெள்ளை பூசி, யாரையும் கிட்ட விடாமல் நட்டீர்கள். மேப்பிள் மரம் வரை வந்தது. அதற்குள் உங்களுக்கு நாள் முடிந்துவிட்டது.

எங்கே பழகிய வேலை அது என்று எனக்குத் தெரியும். நீங்கள் மட்டக்களப்பில் வாவிக்கரை ரோட்டு வேலையை மேற்பார்த்த ஓவசியர். கனடா அரசாங்கமும் இலங்கை அரசாங்கமும் சேர்ந்து அந்த ரோட்டைப் போடுவதாக ஒப்பந்தம். கப்பலில் மெஷின் வந்தது, எஞ்ஜினியர் வந்தார், கூடவே படங்களும் வந்தன. படத்தில் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஆள் உயர வெள்ளைத் தடிகள், நுனியில் சிவப்புப் பட்டை. பனி மூடினால் ரோட்டைக் கண்டுபிடிக்கவாம்! வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில் பனி!

"விசரோ இவங்களுக்கு?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ரெண்டு கவுண்மேந்தும் கையெழுத்து வைச்ச படம். கிடக்கிறபடி நடத்தான் வேணும்" என்றீர்கள். கப்பலில் வந்த சிவப்புப் பெயின்ற் போதாது என்று கண்டதும் ஒவ்வொரு தடிக்கும் ஒரு பக்கம் மட்டும் பூசினீர்கள்.

சனம் அந்தச் சிவப்பைக் குங்குமம் என்று நினைத்தது. ஒரு கிழமை போகவில்லை, முதல் தடி வைரவராகிவிட்டது. பூவும் கற்பூரமும். அதைக் கண்ட எஞ்ஜினியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இதில் யாரைப் புதைத்திருக்கிறது என்று உங்களிடம் மெல்லக் கேட்டாராம். ஒருவரையும் இல்லை என்று நீங்கள் விளங்கப்படுத்தினீர்களாம். ஆனாலும் அந்த இடம் கடக்கும் வரை அவர் தொப்பியைத் திரும்பப் போடவில்லையாம்.

பிறகு மாரி வந்தது. வாவி ஏறி ரோட்டை விழுங்கிவிட்டது. நான் வயிற்றில் ரமணனோடு குவாட்டர்ஸ் வாசலில் நிற்கிறேன், நீங்கள் அக்கரையில். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். அதற்கு நடுவே வெள்ளைத் தடிகள் மட்டும், ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தன. இடுப்பளவு தண்ணீரில், ஒரு தடியை விட்டு அடுத்த தடியைப் பிடித்து நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். அன்றைக்கு நான் அழுத அழுகை உங்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். முதல் பனி கொட்டி வெளித்த காலை, மேப்பிள் மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தடி நின்றது. ரமணனின் வேலை என்று நினைத்தேன். அடுத்த பனிக்கு இன்னொன்று, இன்னும் கிட்ட. அவனோ என்னைப் பிடித்துக் கேட்டான்.

"அம்மா, ஏன் உந்தக் குளிருக்கை போய்த் தடி குத்துறீங்கள்?"

"நானோ? நீயெல்லோ குத்தினனீ?"

அவன் முகம் மாறிவிட்டது. போய் ஒன்றை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. "நிலம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. இப்ப ஒருத்தராலையும் குத்தேலாது" என்றான். அதன் பிறகு அவன் அந்த யன்னல் பக்கம் போவதில்லை. திரையையும் இழுத்து மூடிவிட்டான்.

நான் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்றுக் காலை கடைசித் தடி பின்கதவுப் படியோடு ஒட்டி நின்றது. பயந்துவிட்டேன். மறைப்பானேன்? என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். பயத்துக்குக் கீழே ஆசையும் இருந்தது, அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

பின்னேரம் ரமணன் வேலையில் இருந்தான். பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். பனித்தூள் பறந்தது, குளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மொட்டை வெள்ளைத் தடிகள், பனியோடு பனியாக. ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கேற் திறந்து கிடந்தது. அதற்கப்பால் மெல்லிய ஐஸ். கால் தானாகவே முன்னுக்குப் போகிறது, இஞ்சாருங்கோ. நிற்பாட்ட முடியவில்லை. அடுப்பில் பால் வைத்தது திடீரென்று நினைவு வந்து திரும்பினேன்.

திரும்பினால், எல்லாம் சிவப்பு.

ஒரு தடி விடாமல் சிவப்புப் பட்டை, என் காலடியிலிருந்து குசினி வெளிச்சம் வரை. வீட்டிலிருந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. பெயின்ற் போதாமல் போன அன்று, எந்தப் பக்கம் பூசுவது என்று கேட்ட என்னிடம் நீங்கள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "வீட்டை விட்டுப் போறவனுக்கு என்னத்துக்கு? வீட்டுக்கு வாறவனுக்குத் தெரிஞ்சால் காணும்."

என்னைக் கூப்பிடவில்லை நீங்கள். வீட்டுக்கு வருகிறீர்கள்.

விம்மி விம்மி அழுதுகொண்டு வந்தேன். படியடியில் நின்ற தடியைப் பிடித்து ஏறினேன். உள்ளே வந்து பார்த்தால் கையுறை முழுக்கச் சிவப்பு. அந்தப் பெயின்ற் இன்னும் காயவில்லை.

கையுறையைக் கழுவவில்லை, அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றுண்டு கிடந்தது. அதையும் உங்கள் கணக்கில்தான் போட்டிருக்கிறேன்.

ரமணன் நிலம் இளகியதும் எல்லாவற்றையும் பிடுங்கப்போகிறானாம். விடமாட்டேன். அன்று ஊரில் ரோட்டைப் போட்டுவிட்டு அரசாங்கங்கள் இரண்டும் போய்விட்டன, வருடா வருடம் பட்டை பூசியவர் நீங்கள். இனி அது என் வேலை. சிவப்பு உங்கள் பக்கம் பார்த்தபடியே இருக்கும். குசினி லைற்றை அணைக்கமாட்டேன். பின்கதவையும் பூட்டமாட்டேன், மகன் என்ன ஏச்சு ஏசினாலும் சரி. வாருங்கள், தேத்தண்ணி குடியுங்கள், இருந்து கதையுங்கள். ஆனால் திரும்பிப் போகும்போது என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

உங்கள் பெண்சாதி,
ரமணனின் அம்மா