பின்வாசல் வழியாக வந்த கண் வலி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் நீ சிரித்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது. கண் சிவப்பு போய்விட்டது, தொண்டையும் சரியாகிவிட்டது என்று சொன்னாயாம். சந்தோஷம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உன்னை வார்டில் கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் சிக்னல் போய்விடுகிறது. நானும் கோபம் வந்தால் பேச்சு வராத ஆள், சரி என்று சொல்லி வைத்துவிடுவேன், அம்மா சமாதானமாகிவிட்டாள் என்று நீ நினைத்துக்கொள்வாய். சமாதானம் ஆகவில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நொண்டுகிறார். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் ஒழுங்காக இருந்த சமையலறைக் குழாயையும் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார், இப்போது இரண்டும் ஒழுகுகின்றன. நீ விட்டுப்போன ஸ்வெட்டரைத் துவைத்து வைத்திருக்கிறேன். உன் தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தேன். மேசைமேல் கிடந்த கான்டாக்ட் லென்ஸ் டப்பா குப்பைக்குப் போய்விட்டது, அதைக் கேட்காதே. இதற்கெல்லாம் எனக்கு எப்படி நேரம் கிடைத்தது என்றால், நான் இப்போது பகலிலும் வீட்டில்தான் இருக்கிறேன். ஏன் என்பதற்கு வருகிறேன்.

உன் பெரியப்பாவின் கண் மருத்துவமனையில் சளிக்காய்ச்சல் காலம் வந்தால் என்ன ஏற்பாடு என்று உனக்கே தெரியும், அந்த நாற்காலிகளில் தாவிக் குதித்து வளர்ந்தவள் நீ. முன்வாசலில் வாசல்காரர் நிற்பார். இருமினால் உள்ளே விடமாட்டார், தும்மினால் தெருவிலேயே நிறுத்துவார், மாஸ்க் இல்லாவிட்டால் முறைப்பார். ஆனால் கண் சிவந்து நீர் வடிய ஒருவர் வந்தால் ‘அடப்பாவமே, வாங்க வாங்க’ என்று முதல் வரிசையில் உட்கார வைப்பார். அவர்மேல் தப்பில்லை, கண் ஆஸ்பத்திரிக்குக் கண் சிவந்தவர் வராமல் வேறு யார் வருவார்கள்? மூக்கையும் வாயையும் மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. நாள் முழுக்க ஒரு முழத் தூரத்தில் குனிந்து நாம் பார்ப்பதோ மூடாமல் இருக்கிற கண்களைத்தான். அங்கேயே லேபில் உட்கார்ந்துகொண்டு இதை நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். உன் பெரியம்மா, ‘இவளுக்குக் காபி டம்ளரைக் குடுத்தாக்கூட பூதக்கண்ணாடியத் தேடுவா’ என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாளே உனக்குத் தொண்டை கட்டியது, தும்மல், இடது கண் சிவப்பு. வாசல்காரர் தும்மலைக் கேட்டால் முதலாளி வீட்டுப் பெண் என்றுகூடப் பார்க்காமல் நிறுத்திவிடுவார் என்று தெரிந்து, மருந்துக்கடைப் பக்கம் இருக்கிற பின்வாசல் வழியாகப் போனாய். வரிசைக்கு முன்னால் பெரியப்பா உன்னை உட்கார வைத்தார். கருவியில் தாடையை வைத்தாய். கண் பாவையை விரிக்கிற சொட்டு மருந்து விடுவதற்குச் சொட்டக்கா வந்தார். அங்கே வருகிற குழந்தைகள் எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெயரை முதன்முதலில் வைத்ததே நீதான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். நீ ஏதோ சொல்லிச் சிரித்துக் கண்ணைச் சிமிட்ட, மருந்துப் பாட்டிலின் முனை உன் இமையில் பட்டது. அவர் உடனே அதைக் குப்பைக்கூடையில் போடப் போனார். உன் பெரியப்பா, ‘எதுக்குத் தூக்கிப் போடற? நம்ம வீட்டுப் பொண்ணு கண்ணுலதானே பட்டுச்சு, வெளியாளா என்ன?’ என்றார். நீயும், ‘ஒண்ணும் இல்லக்கா, வெறும் லென்ஸ் உறுத்தல்’ என்றாய். தொண்டையைச் சொல்லவில்லை, தும்மலைச் சொல்லவில்லை. பாட்டில் திரும்பத் தட்டுக்கு வந்தது, வெளியே வரிசை காத்துக்கொண்டிருந்தது. கிருமி நம் வீடு, வெளி வீடு என்று உறவுமுறை பார்த்துத்தான் ஒட்டும் என்று மருத்துவம் படித்த இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவு செய்தீர்கள். இதை வேறு யாரும் வந்து எனக்குக் கோள் சொல்லவில்லை, அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நீயே வேடிக்கைக் கதையாகச் சொன்னாய். அப்பாகூடச் சிரித்தார். நான் எழுந்துபோய்ப் பஞ்சுக்குச்சி எடுத்துவந்து உன் கண்ணிலும் தொண்டையிலும் தொட்டு எடுத்தேன். ‘அம்மா, பெத்த பொண்ண எலி மாதிரி பாக்காதம்மா’ என்றாய்.

நீ ஊருக்குப் போன பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அன்றைக்கு உனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவருக்குச் சிவப்பு இறங்கியும் கருவிழியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை நிற்கிறது, விளக்கைப் பார்த்தால் எல்லாம் கலங்குகிறதாம், வண்டியை எடுக்காமல் வீட்டில் இருக்கிறார். அதற்குள் சொட்டக்காவுக்கு இரண்டு கண்ணும் வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. உன்னிடம் எடுத்த மாதிரியோடு அவருடையதையும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரண்டிலும் ஒரே கிருமி. சளி, தொண்டைவலி கொடுக்கிற கூட்டத்தில் கண்ணையும் சேர்த்துப் பிடிக்கிற வகை.

என்னை நீ அறிவாய், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். எல்லாச் சளிக்கிருமியும் கண்ணில் குடியிருப்பதில்லை. பல காய்ச்சல்களில் நோயாளிகள் பலரைச் சோதித்தாலும் ஒரு சிலர் கண்ணீரில்தான் அகப்படும். அகப்பட்டாலும் அது இன்னொருவரைத் தொற்றுகிற நிலையில் இருக்கிறதா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு சின்னக் குழாய் இறங்குகிறது, அழுதால் மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான், அந்த வழியில் எது எங்கே போனது என்று கண்டுபிடிப்பது லேசு இல்லை. ஆனால் உனக்கு வந்த வகை அப்படிச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிற வகை இல்லை. கையிலிருந்து, துண்டிலிருந்து, சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து கண்ணுக்குக் கண் தாவுவதில் பேர்போனது, ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவு தடவினால் சாகாது. உன் பெரியப்பா கருவியைத் துடைக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னிடமிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். வரிசையில் இன்னொருவர் கொண்டுவந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், உனக்கு முதலில் வந்தது, சொட்டக்காவுக்குப் பிறகு வந்தது. உன் பெரியப்பா அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

வேலையாட்கள் எல்லோரையும் காத்திருப்புக் கூடத்தில் கூட்டி, சொட்டக்கா சளியை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்து நோயாளிகளுக்குப் பரப்பிவிட்டார், அதனால் நின்றுவிடச் சொல்லிவிட்டேன் என்று அறிவித்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொட்டக்காவும் அங்கே நின்றார், கண் கூசியது. அவர் சும்மா போகவில்லை. ‘எனக்குச் சளி பிடிச்சா ஊருக்கே பிடிக்கும், உங்க வீட்டுல பிடிச்சா அது வீட்டோட நின்னுடுமா டாக்டர்?’ என்று கேட்டுவிட்டுத்தான் போனார். வாசல்காரர் இருமினார், வேண்டுமென்றே. அன்றைக்கே நான் ஆய்வக முடிவுகளை எடுத்துக்கொண்டு பெரியப்பா அறைக்குப் போனேன். பார்த்தார், மேசையில் கவிழ்த்து வைத்தார். ‘இது வெளிய போனா என் பேரும் கெடும், உன் பொண்ணு பேரும் கெடும். நாளைக்கு அவ வந்து உக்காரப்போற இடம் இது’ என்றார். அடுத்த அறையைத் திறந்து வேறு காட்டினார். உனக்காகச் சுவருக்கு வெள்ளை அடித்துப் புது நாற்காலி போட்டிருக்கிறது, உட்கார்ந்தால் ஜன்னலில் மரம் தெரிகிறது. நல்ல அறைதான், பொய் சொல்ல மாட்டேன். சொட்டக்காவைத் திரும்ப எடுக்காவிட்டால் நான் லேபுக்கு வரமாட்டேன் என்றேன். ‘உன் இஷ்டம்’ என்றார். அதனால்தான் வீட்டில் இருக்கிறேன். அப்பா அன்றிலிருந்து செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். ‘அண்ணன்கிட்ட நான் எப்படிப் பேசறது’ என்று அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும், அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது நீ சொன்னதுதான். பெரியப்பா உன்னைக் கூப்பிட்டு என்னை அடக்கச் சொல்லியிருக்கிறார், நீயும் அன்றைக்கு மட்டும் வார்டு வேலை இல்லாமல் என்னைக் கூப்பிட்டாய். ‘விட்டுடும்மா, அவளுக்கு வேற எங்கயாவது வேலை கிடைச்சுடும், எனக்கு இது போனா என்னம்மா பண்றது?’ என்றாய். ‘அவளுக்கு’ என்றாய். உனக்குப் பல் விழுந்தால் அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டுவாய், எனக்குக்கூட அப்புறம்தான். கண்ணில் தூசி விழுந்தால் பெரியப்பாவை வேண்டாம் என்று அடம்பிடித்து அவர் கைக்குத்தான் திறப்பாய். கண்ணைப் பற்றி இத்தனை வருஷம் படித்தவள், கண் சிவந்த ஒரு மனுஷி என்ன பாடு படுவார் என்று தெரிந்தவள், ‘வேற எங்கயாவது’ என்கிறாய். நோய்க்கிருமியைப் பரப்பியவர் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்ட ஒருவரை எந்தக் கண் ஆஸ்பத்திரி வேலைக்கு வைக்கும்? யோசித்தாயா?

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கி வைத்திருந்தார், கண் இன்னும் வெளிச்சம் தாங்கவில்லை. உட்காரச் சொன்னார். உன் சார்பாக நான் வருத்தம் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ‘நீங்க ஏன்மா சொல்றீங்க? என்கிட்ட ஒண்ணும் இல்லக்கான்னு சொன்னது நீங்களா? சொன்னவ வந்து சொல்லட்டும்’ என்றார். எழுந்து நேராக உன் பெரியப்பாவிடம் போனேன். இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே, ‘உன் பொண்ணு போன் பண்ணி அவ வாயால சொல்லட்டும், எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, மறைச்சேன்னு. எல்லாருக்கும் முன்னால ஸ்பீக்கர்ல போட்டு விடறேன். நாளைக்கே கார் அனுப்பிச் சொட்டக்காவக் கூட்டிட்டு வரேன்’ என்றார். நீ சொல்ல மாட்டாய் என்ற தைரியத்தில்தான் அவ்வளவு தாராளமாகச் சொன்னார். பெரியம்மாவும் அங்கேதான் இருந்தார், இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் பொண்ணு சொல்லுவா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பெற்று வளர்த்த எனக்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை. நான் உன்மேல் எதற்காக இவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டாயாமே, இதற்காகத்தான்.

கண்ணைக் கசக்காதே. முகத்துண்டைத் தோழியோடு பங்கு போடாதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இந்தக் கோபத்திலும் நினைக்கிறேன், உன் கண்ணும் கையும் நன்றாக இருந்து நாலு பேருக்குப் பயன்பட வேண்டும். கடிதம் கிடைத்தது என்று எனக்குப் போன் செய்யாதே. முதலில் சொட்டக்காவுக்குச் செய், தெரியாத எண் என்றால் எடுக்க மாட்டார், விடாமல் அடி. அடுத்தது பெரியப்பாவுக்கு, காலையில் ஆட்கள் கூடும் நேரத்தில். அதற்கப்புறம் எனக்கு நேரம் இருந்தால் பேசு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாசல்காரர் வந்து சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
வீட்டில் காத்திருக்கும்
உன் அம்மா