கீழத்தெருக் கிணறும் வெளியூர் மூவரும்

வேப்பூரணி
12.4.1968

அன்பு வள்ளிக்கு,

மீனாவுக்கு எப்படி இருக்கிறது? தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை இங்கே அழைத்துவர முடியாமல், பயணம் கூடாதென்று டாக்டர் தடுத்து, நீ கோயம்புத்தூர் போய்ப் பதினெட்டு நாளாகிறது. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னக்கருப்பு மனைவி வந்து சமைத்துத் தருகிறாள். உப்புதான் அவள் கைக்கு அடங்க மறுக்கிறது.

ஒரு சந்தோஷ சமாசாரம். நம் பஞ்சாயத்தின் வேலையை வெளியார் வந்து மதிப்பிட வேண்டுமென்று தலைவர் என்ற முறையில் எழுதிப் போட்டிருந்தேனே, அவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். ஒரு கிராமியக் கல்லூரியிலிருந்து மூன்று பேர், அதில் ஒருவர் பெண். ஒன்றியத்து அதிகாரிகள் யாரும் கூடப் போகக் கூடாதாம், நானும்தான். அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் மாவட்டத்தில் நல்ல பஞ்சாயத்துக்குக் கேடயம். எனக்கு என்ன பயம்? நாம் வெட்டி, மந்திரி வந்து திறந்துவைத்த கீழத்தெருக் கிணறு ஒன்று போதாதா? அதன் கல்வெட்டைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அழகுசுந்தரம்

கோயம்புத்தூர்
16.4.1968

அன்புள்ள அத்தானுக்கு வள்ளிக்கண்ணு எழுதுவது.

மீனாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாப்பிள்ளை மில்லிலிருந்து வந்ததும் அவளுக்கு ஆரஞ்சு உரித்துத் தருகிறார். நீங்கள் எனக்கு உரித்துத் தந்ததாக ஞாபகமில்லை. போகட்டும்.

கேடயம் வந்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் அத்தான், அவர்கள் வருமுன் நீங்களே ஒரு நடை கீழத்தெருவுக்குப் போய்வாருங்கள். அங்கே குடியிருக்கும் ஆயியைக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். நானே எழுதிவிடலாம். உங்களுக்குக் கோபம் வந்தால் சமாதானம் செய்ய நான் பக்கத்தில் இல்லையே.

வெயிலில் குடை எடுத்துப் போங்கள்.

தங்கள்,
வள்ளிக்கண்ணு

வேப்பூரணி
27.4.1968

வள்ளிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அவர்களும் வந்துவிட்டார்கள். நான் கீழத்தெருவுக்குப் போகவில்லை. போனால் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனதாக ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறிக்கை நேற்றுத் தபாலில் வந்தது. சாலை நன்று, தெருவிளக்கு நன்று, பள்ளிக்கூடம் மிக நன்று. பிறகு கிணறு. அந்தப் பெண் ஆயியிடம் பேசி, அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள்:

“கெணத்துத் தண்ணி உப்பும்மா, பருப்பு வேகாது. ரெண்டு வருசமாத் தலைவர் வீட்டுக் கொல்லைக் கெணத்துலதான் எடுக்கிறோம். அவுக ஆபீசுக்குப் போனப்பறம் வீட்டம்மா கதவத் தெறந்து விடுவாக. இப்ப அவுக ஊருல இல்ல, சமைக்க வர்ற சின்னக்கருப்பு பொண்டாட்டி தெறந்து விடுது. தலைவருக்குத் தெரியாதும்மா, பாவம்.”

அந்தப் ‘பாவம்’தான் என்னைக் குத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நியமனப் பெண் உறுப்பினர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, ஆனால் எல்லாத் தீர்மானத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது, தீர்மான நோட்டு அவர் வீட்டுக்குப் போய் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அது நீதான். உன்னை உறுப்பினராக்கியவன் நான்.

கேடயம் நமக்கு இல்லை. அதைவிட, என் வீட்டுக் கொல்லையில் நடப்பது கீழத்தெருவுக்கெல்லாம் தெரிந்து எனக்குத் தெரியவில்லை. ஏன் மறைத்தாய்?

அழகுசுந்தரம்

கோயம்புத்தூர்
3.5.1968

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று விடிந்ததும் மீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உங்களுடையது. முதலில் இந்தச் சந்தோஷத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மறைக்கவில்லை. கிணறு உப்பு என்று இரண்டு தரம் சொன்னேன். முதல் தரம் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், ஓவர்சியரிடம் சொல்கிறேன் என்றீர்கள். இரண்டாம் தரம் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: “தெறந்து வச்சது மந்திரி. இப்ப உப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

மூன்றாம் தரம் சொல்ல மனம் வரவில்லை. கதவைத் திறந்துவிடுவது சுலபமாக இருந்தது. நம் கொல்லையில் கீழத்தெருவார் புழங்குவது உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவார், நடுவில் நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்றுதான் நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்தேன்.

என் தப்பும் உண்டு. ‘கிணறு முடிந்தது, தண்ணீர் நன்று’ என்ற தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, படித்துப் பார்க்கவில்லை. ஆயி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்தும். இனி நோட்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் அத்தான்.

கோபம் தணிந்திருந்தால் பேத்திக்கு ஒரு பெயர் எழுதுங்கள்.

வள்ளிக்கண்ணு

வேப்பூரணி
12.5.1968

என் அன்பு வள்ளிக்கு,

பேத்திக்கு என் முத்தம். பெயரை நீயும் மீனாவும் வையுங்கள். கோபம் உன்மேல் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழத்தெருவுக்குப் போனேன். ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. நேற்று அறிக்கையைப் படித்துக் காட்டப் பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டினேன். கிணற்றைப் பற்றிய பக்கத்தை விட்டுவிட்டுப் படிக்கலாமே என்றார் கிளார்க் மெய்யநாதன். அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கி நானே முழுவதும் படித்தேன். உன்னைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன்.

ஆயி எழுந்து, “ஒங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னுதான் சும்மா இருந்தோம்” என்றாள்.

“என் பேருக்காகவா இம்புட்டு நாளும் அம்புட்டுத் தூரம் கொடம் சொமந்தீக?” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கொல்லைக் கதவு பகலெல்லாம் திறந்திருக்கிறது. அண்ணன் வந்து சத்தம் போட்டார். கதவைச் சாத்த மாட்டேன் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார், வருத்தம்தான், தாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் பத்தாம் தேதி பஞ்சாயத்துக் கூட்டம். மற்ற உறுப்பினர்களுக்குப் போலவே உனக்கும் அறிவிப்பு இத்துடன் வைத்திருக்கிறேன். மீனா எழுந்து நடமாடாமல் அவசரப்பட்டு வராதே, நாளைத் தள்ளிவைக்கிறேன். புதுக் கிணற்றுக்கு இடம் பார்ப்பதுதான் முதல் தீர்மானம். ஆயியையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருவரும் இடத்தைச் சொல்லுங்கள், நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அழகுசுந்தரம்