அப்பா இல்லாத பிள்ளைக்கு வரிசை இல்லை

என் செல்ல அப்பா,

நாகர்கோவிலில் ஹாஸ்டலில் சேர்ந்து ப்ளஸ் ஒன் படிக்கிறேன். வந்து ஒரு வாரம் ஆகிறது. பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து அருமனை வீட்டுக்கே கூட்டிப்போய்விடுகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெட்டியை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

இங்கே எல்லோரும் ரொம்ப நல்லவர்கள். அதுதான் எனக்குச் சந்தேகம். வந்த அன்றே ஜன்னலோரக் கட்டிலை விட்டுக்கொடுத்தார்கள். மீன் பொரித்த நாளில் ஒருத்தி தன் துண்டையும் என் தட்டில் வைத்தாள். குளிக்க பக்கெட்டோடு போனால் வரிசையே விலகி வழிவிடும். யாராவது இரண்டு தரம் சிரித்தால் "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்பீர்களே, அந்தப் புத்தி எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. இவர்களுக்கு என்னிடம் என்ன வேண்டும்? கணக்கில் உதவியா? என் கணக்கு மார்க் உங்களுக்குத் தெரியாததா?

விஷயம் மாலை ஜெபத்தில் வெளியே வந்தது. தகப்பனை இழந்த புதிய சகோதரிக்கு ஆறுதல் தாரும் என்று ஒருத்தி ஜெபித்தாள். நான் யாரிடமும் சொல்லவே இல்லையே அப்பா. விசாரித்தால், நான் வருவதற்கு முன்பே வார்டன் எல்லோரையும் கூப்பிட்டு, அப்பா இல்லாத பிள்ளை, அன்பாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார். அப்படியென்றால் அந்த மீன் துண்டுகூட வார்டன் உத்தரவுதானா? அதன்பிறகு யார் சிரித்தாலும் எரிச்சல்தான் வந்தது.

நேற்றுக் காலை வழக்கம்போல வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். ஷைனி என்றொருத்தி, குளச்சல்காரி, என் பக்கெட்டைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏட்டி, உனக்க அப்பா செத்தா நான் குளிக்காண்டாமா? வரிசையில நில்லு."

மற்றவர்கள் அவளை முறைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போனபிறகு என்னை யாரும் ஏட்டி என்று கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை.

இவளையும் உடனே நம்பிவிடவில்லை. வார்டன் இவளுக்கு மட்டும் வேறுமாதிரி சொல்லிக்கொடுத்திருப்பாரோ? மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். என் தட்டில் அவள் எதையும் வைக்கவில்லை. என் அப்பளத்தை எடுத்துத் தின்றாள். தின்றுகொண்டே கேட்டாள்.

"உங்க அப்பா ஆளு எப்பிடி? கோவக்காரரா?"

இங்கே எனக்கு முன்னால் அப்பா என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. அவள் கேட்டதும் கொட்டித் தீர்த்தேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து கட்டன்சாயாவுக்கு இனிப்பு போதவில்லை என்று நீங்கள் போடும் சண்டை, குளத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு அம்மாவிடம் நாய்மேல் பழி போட்டது, எல்லாம். பாதியில் அழுதுவிட்டேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அந்த நாய்க் கதையை நம்பினாளா என்றுதான் கேட்டாள்.

நாளை அம்மா வருவாள். நான் அவளோடு போகமாட்டேன் அப்பா. ஷைனிமேல் சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. உங்கள் ரத்தம், லேசில் தீராது. ஆனால் நீங்கள் உயிரோடு இருந்ததைப் பற்றிக் கேட்க இங்கே ஒரு ஆள் இருக்கிறாள், சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன். சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
சுஜா