நண்டு ராஜா

செப்டம்பர் 3
பாரிமுனை நடைபாதையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கினேன். ராஜா எல்லாம் மீசை வைத்த நண்டு. ராணி எல்லாம் கம்மல் போட்ட இறால். ஜோக்கர் குடை பிடித்த பூநாரை! சிங்கப்பூர்க் கப்பல் கேப்டன் கையால் கொடுத்தது என்று ஊரில் சொன்னேன். நடைபாதைக்கும் துறைமுகத்துக்கும் என்ன பெரிய தூரம்?

செப்டம்பர் 9
நாளை பாடு போடுகிறார்கள். இந்த வருஷம் ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று கோயில் வாசலில் சீட்டெடுப்பு. தூறலில் காகிதத் துண்டு ஊறிவிடும், என் கட்டு பிளாஸ்டிக், ஊறாது என்று தலைவர் பொன்னுரங்கம் அண்ணனிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். நாலில் ஒரே ஒரு நண்டு ராஜாவைத்தான் கட்டில் விடுவோம்; அது வருகிறவனுக்கு முகத்துவாரம், இறால் குவியும் இடம். எனக்கும் அக்கா மகன் சிவகுமாருக்கும் ஒரே படகு. போன தடவைகள் எல்லாம் எங்களுக்கு விழுந்தது சேற்று இடம்தான். அவன் பெண்டாட்டி வெண்ணிலா மாசமாக இருக்கிறாள்.

செப்டம்பர் 10
நண்டு ராஜா எனக்கே! சிவகுமார் என்னைத் தூக்கிச் சுற்றினான்.
டீக்கடையில் பக்கத்துப் படகுக்காரன் சடையன் கேட்டான்: "உனக்கு மட்டும் எப்டி மாமா?"
அதிர்ஷ்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. "சீட்டு முதுகப் பாத்தே எதுன்னு சொல்லுவேன்டா. கேப்டன் குடுத்த வித்தை."
எல்லாரும் சிரித்தார்கள். சடையன் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 12
சடையன் போய்ச் சொல்லி ஊர் கூடிவிட்டது.
"சொன்னியா இல்லியா?" என்றார் பொன்னுரங்கம்.
"சும்மா சொன்னேண்ணா."
சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பி, ராஜாவை எடு என்றார்கள். எடுத்தேன் - பூநாரை. மறுபடி - ஏதோ ஏழு.
"வேணும்னே தப்பா எடுக்கறான், பாரு" என்றான் சடையன்.
இந்த வருஷம் எங்கள் படகுக்குப் பாடே கிடையாதாம். சிவகுமாருக்கும் சேர்த்து.

செப்டம்பர் 13
இன்னா பண்ணி வச்சேன். இன்னா பண்ணி வச்சேன் நான்.

செப்டம்பர் 19
என்னை ஒதுக்குங்கள், பையனை விடுங்கள் என்று பொன்னுரங்கம் காலில் விழுந்தேன். "இதுவும் நடிப்பா?" என்றார். உண்மையை எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லையே.
அக்கா ஜெயம்மா வாசலிலேயே நின்றாள். "உள்ள வராத. உன் வாயால எம் புள்ள வயித்துல அடிச்சிட்டியேடா."
சிவகுமார் என்னைப் பார்க்காமல் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 6
சிவகுமார் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு மீஞ்சூருக்குப் போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை; என்ன வேலை என்று வெண்ணிலாதான் சொன்னாள்.
"மாப்ள எங்க, கம்பெனில மேனேஜரா?" என்று சடையன் கிண்டினான்.
"மூட்டை தூக்குறான்" என்றேன்.
இதை மட்டும் எல்லாரும் உடனே நம்பினார்கள்.