சாம்பலாகாத சித்தி

ஒருநாளும் நேரில் காணாத என் அன்பு அக்காவுக்கு,

சாமி அறையில் உங்கள் படத்துக்கு விளக்கேற்றுகிறவள் எழுதுகிறேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில் இரண்டு நாளாகப் பூ வைக்கவில்லை, கோபிக்காதீர்கள். நம் இருவருக்கும் பொதுவான அந்த மனிதர் சுகமாக இருக்கிறார். இப்போதும் ஈரத் துவாயைக் கட்டிலில்தான் போடுகிறார். உங்கள் காலத்திலும் அப்படித்தானா?

உங்கள் மகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இனியாவுக்கு எட்டு வயதாகிவிட்டது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். தாயின் தங்கையும் சித்தி, தகப்பனின் இரண்டாம் மனைவியும் சித்தி. அவள் எந்தச் சித்தியை நினைத்துக் கூப்பிடுகிறாளோ தெரியாது. கேட்கவும் பயம்.

போன சனிக்கிழமை அவளை நியூ லின் தியேட்டருக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனேன். பழைய ரஷ்யக் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்கான படமாக எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு மேல் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. தாய் சாகும்போது மகளின் கையில் ஒரு பொம்மையைக் கொடுக்கிறாள். அடுத்து சித்தி வந்து இறங்குகிறாள், பொல்லாதவள். அடுப்புக்கு நெருப்பு வாங்கி வா என்று பிள்ளையைக் காட்டுச் சூனியக்காரியிடம் தனியே அனுப்புகிறாள். இதற்கா இவளைக் கூட்டிவந்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன். என் கைக்குள் இருந்த தன் கையை இனியா மெல்ல எடுத்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் நித்திரையாகிவிட்டேன். முதியோர் இல்லத்தில் விடியற்காலை வேலை, ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டிய உடம்பு. கவலைகூட என்னை விழிப்பாக வைத்திருக்கவில்லை. கண் திறந்தபோது படம் முடிந்து லைட் போட்டுவிட்டார்கள்.

ஹென்டர்சனில் இருக்கும் நம் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் கேட்டேன். "கடைசியில அந்தச் சித்திக்கு என்ன நடந்தது, குஞ்சு?"

ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள். "ஷி செட் சாரி," என்றாள். மன்னிப்புக் கேட்டாளாம். நான் நம்பவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் மேலும் சொன்னாள். "எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிட்டவை, சித்தி."

திங்கட்கிழமை, என்னோடு வேலை செய்யும் ரஷ்யப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். தன் பிள்ளைகளோடு அதே படத்தைப் பார்த்தவள் அவள். கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டே சிரித்தாள். பிள்ளை கொண்டுவரும் நெருப்பு அந்தச் சித்தியை எரித்துச் சாம்பலாக்கிவிடும், கதையிலும் அப்படித்தான், படத்திலும் அப்படித்தான் என்றாள்.

விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அக்கா. பாதி களைப்பு. எனக்கு நோகக்கூடாது என்று ஒரு முழுப் படத்தின் முடிவையே மாற்றியிருக்கிறாளே, மீதி அதற்காக. இது உங்களிடமிருந்து வந்த குணமா? அவருக்கு இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

உண்மை எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவே வேண்டாம். எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டதாகச் சொன்னாள் அல்லவா? நான் எவ்வளவு களைத்து வந்தாலும் அந்தப் பொய்யை ஒவ்வொரு நாளும் மெய்யாக்குவேன். இது உங்களுக்கு நான் செய்துதரும் சத்தியம்.

உங்கள் மகள் உங்களுக்குத் தேடித்தந்த
தங்கை