மாமாவின் காவடி விளக்கு

12 மார்ச், செவ்வாய்

விட்டுவிட்டு எரியும் என் விளக்கு அமைப்புக்குக் காப்புரிமை கிடையாதாம். மூன்று வருட உழைப்பு. ஏற்கெனவே வெளியான விஷயம் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதி, ஆதாரமாக ஒரு வீடியோவை இணைத்திருக்கிறார். திறந்தால், பத்துமலையில் மாமாவின் காவடி. அதில் நான் பூட்டிய விளக்கு. நான் விண்ணப்பிப்பதற்கு இரண்டு வருடம் முந்தைய தைப்பூசம்.

பண்டமாரானில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"மாமா, உங்க வீடியோவாலதான் என் பேட்டண்ட் போச்சு!"

"ஆபீசரே பார்த்தாராடா?"

"முழுசா பார்த்திருக்காரு."

"லைக் போட்டாரா லா?"

போனை வைத்துவிட்டேன். வீடியோவுக்குக் கீழே எவனோ 'கடையில் வாங்கிய பல்பு' என்று எழுதியிருந்தான். அது பொறுக்காமல் முழு சர்க்யூட்டையும் அங்கேயே விளக்கி எழுதியவன் நான். பரிசோதகர் அதற்குத்தான் அடிக்கோடு போட்டிருக்கிறார். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.